லீலாவுக்குப் பகரம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஜாஸ்மின் போன் செய்தாள். நான் ஓய்வுபெறும்போது கடைசி மேஜையில் இருந்த பெண். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறதாம். தொழிலாளியின் கணக்கில் விழும் இடைவெளியை எப்படிப் பார்ப்பது என்று நான் வந்து பேச வேண்டுமாம். சந்தா வந்த மாதம் கம்ப்யூட்டரில் பச்சையாகத் தெரியும், வராத மாதம் சிவப்பாகத் தெரியும், மற்றபடி பிள்ளைகளுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது என்றாள்.

போய்ப் பேசினேன். சால்வை போர்த்தினார்கள். இடைவெளி என்றால் என்ன, அதற்கு யாரிடம் விளக்கம் கேட்க வேண்டும், எந்த விதி எதை அனுமதிக்கிறது என்றெல்லாம் சொன்னேன். யாரும் தூங்கவில்லை. அதை என் பேச்சுத்திறமை என்று நினைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் அந்த அறையில் ஏசி அப்படி. சொல்ல நினைத்த ஒன்றை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். என் சர்வீஸ் முழுக்க நான் சிவப்பைவிடப் பச்சையைப் பார்த்துத்தான் அதிகம் பயந்திருக்கிறேன். அதைச் சொன்னால் ஜாஸ்மினுக்குச் சங்கடம்.

சொல்லாமலே விட்டிருப்பேன். மறு வாரம் ரெத்தினபாய் என் வீட்டுக்கு வந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளியின் கூலியில் கொஞ்சம் பிடித்து, முதலாளி தன் பங்கையும் சேர்த்து மாதாமாதம் எங்களிடம் கட்ட வேண்டும். பத்து வருடம் இப்படிச் சேர்ந்தால் வயதான பிறகு சாகும்வரை பென்ஷன் உண்டு. பத்துக்குக் குறைந்தால் சேர்ந்ததைக் கையில் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவிடுவோம். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வாரம் பயிற்சி தந்தார்கள். சந்தா இல்லாத மாதத்தில் ஆள் வேலை செய்யவில்லை, சந்தா இருக்கும் மாதத்தில் வேலை செய்தார் என்பதுதான் அதன் சாரம். பயிற்சி தந்தவர்கள் நல்லவர்கள். அவர்களில் யாரும் ஓர் அண்டி ஆபீசுக்குள் போனதில்லை.

முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்போம். அங்கே வேலை செய்யும் பெண்கள் காலையில் பக்கத்து வீட்டில், "ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அவர்களுக்குத் கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுக் கை கறுத்திருக்கும், எனக்கு மை பட்டு நீலமாக இருக்கும்.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியலிங்கம் சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்த மாட்டார். பேனாவைத் தொடுவது கையெழுத்துக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் பென்சில். அதையும் பிளேடால் தானே சீவி, சீவலை ஒரு காகிதத்தில் மடித்துக் கூடையில் போடுவார். நாம் எழுதிக்கொண்டு போகும் குறிப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு போட்டால் திருப்பி எழுத வேண்டும். மூன்று போட்டால் நேரில் போய் நிற்க வேண்டும். நின்றதும் பென்சிலின் மழுங்கிய பக்கத்தால் வரியைத் தொட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"இதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

இல்லை என்றால் அந்த வரி போய்விடும். அவரிடம் வேலை பார்த்த காலத்தில் என் வரிகள் நிறையப் போயிருக்கின்றன.

எங்கள் பேச்சு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மேற்கே போகப் போக மலையாளம் கலந்து, இழுத்து இழுத்துப் பேசுவோமா, அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பேன். ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டதற்கு இது ஒன்றுதான் காரணம். மற்றவர்கள் என் திறமை என்று நினைத்து வயிறெரிந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அப்படி ஒரு நாள் திருவட்டாறுக்கு அப்புறம் உள்ளே ஓர் அண்டி ஆபீசுக்குப் போனோம். சொல்லாமல் போனோம், வாசலில் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம், எல்லாரையும் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னோம். மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் "உண்டு", "உண்டு" என்று பதில் வந்தது. ஒருத்தி கூட வராமல் இல்லை. மற்ற இடங்களில் பாதிப் பெயருக்குப் பதில் இல்லாமல், மீதி ஆளுக்குப் பெயர் இல்லாமல் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பெண் முன்னால் நின்றார். முப்பது வயதிருக்கும். மரக்கட்டையால் கொட்டையை ஒரே தட்டில் பிளந்து, பருப்பை முழுசாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் என்னவென்று கேட்டார். லீலாபாய் என்றாள். எவ்வளவு காலமாக வேலை என்று கேட்டார். ஒருபாடு காலமாச்சு என்றாள். ரொம்பக் காலம் என்று நான் மொழிபெயர்ப்பதற்குள் அவர் ஒரு கொட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

"தொடாதீங்க சாறே, பொத்துப்போவும்" என்றாள்.

அதையும் நான் மொழிபெயர்ப்பதற்குள் அவர் நகத்தால் அழுத்தியாயிற்று. எண்ணெய் பீய்ச்சி மணிக்கட்டில் பட்டது. அமிலம் பட்டது போல் எரியும் அது. மறுநாள் கொப்புளம், அப்புறம் காலத்துக்கும் தழும்பு. அந்தப் பெண் கட்டையைப் போட்டுவிட்டு எழுந்து, பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து, கறுத்த விரலால் அவர் கையில் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, படித்த ஆள் சொன்னால் கேட்கக்கூடாதா என்று திட்டவும் செய்தாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ஒரு வயதான அம்மாள்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அங்கே உட்காரும் இடம் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். ஒருத்தி பிரசவத்துக்கோ நோய் தீனத்துக்கோ படுத்துவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருத்தி அவளுக்குப் பகரமாக, அதாவது பதிலாக, வந்து அந்த இடத்தில் உட்கார வேண்டும். வராவிட்டால் இடம் போய்விடும். வந்தவளுக்குத் தனியாகப் பெயர் எழுத மாட்டார்கள். முதலாளிக்குப் புதுப் பெயர் என்றால் புதுத் தலைவலி. ஆகவே வந்தவள் பழையவளாகவே உட்கார்ந்து, பழையவளாகவே கூலி வாங்குவாள். நான் திகைத்து நின்றதைப் பார்த்து அந்த அம்மாள் ஆறுதலாக, "அவங்க கூப்பிடுதது பேரத்தானே பிள்ள. ஆளையா கூப்பிடுதாங்க?" என்றாள்.

திரும்பும்போது ஜீப்பில் சாரிடம் சொன்னேன். கைக்குட்டையால் மணிக்கட்டை விசிறிக்கொண்டே கேட்டார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

கேள்விப்பட்டேன் என்றேன். கேள்விப்பட்டதை எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, தன் அறிக்கையில், எல்லாத் தொழிலாளரையும் நேரில் கண்டு உறுதிசெய்ததாகவும், இந்நிறுவனத்தின் வருகைப் பதிவு பாராட்டத்தக்கது என்றும் எழுதினார். அவர் யாரையும் பாராட்டி எழுதி நான் பார்த்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அப்புறம் அவர் மாற்றலாகிப் போனார். அந்த அண்டி ஆபீஸ் மூடப்பட்டது, முதலாளி எங்கேயோ போய்விட்டார், கட்டடத்தில் இப்போது டைல்ஸ் வைத்திருக்கிறார்கள். நான் பென்ஷன் பிரிவுக்கு வந்தேன். சார் பதவி உயர்ந்து, ஓய்வுபெறக் கொஞ்ச காலம் இருக்கும்போது எங்கள் அலுவலகத்துக்கே தலைவராகத் திரும்பி வந்தார். பென்சிலும் கூடவே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரெத்தினபாயின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. அதே அண்டி ஆபீஸ். முதலில் சில வருடம் சந்தா, நடுவில் மூன்று வருடம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி சந்தா. கூட்டினால் பத்தைத் தொடவில்லை. சேவைக்காலம் போதாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் ஆளே மாடிப்படி ஏறி வந்து நின்றாள். பார்வை மங்கியிருந்தது, கைப்பிடியைத் தடவித் தடவித்தான் வந்தாள்.

நடுவில் மூன்று வருடம் வேலைக்குப் போகவில்லையே என்றேன். போகாமல் எங்கே போனேன் என்று என்னையே கேட்டாள். கல்யாணமாகிக் குலசேகரத்துக்குப் போனபோது இங்கே பெயரை வெட்டிவிட்டார்கள். இரண்டே மாதத்தில், தேங்காய் வெட்டப் போன புருஷன் மரத்திலிருந்து விழுந்து இறந்ததும் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். புதுப் பெயர் எழுத மாட்டோம் என்றார்கள். அப்போது அவள் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, பேறுகாலம். அதே ஆபீசில் வேலை பார்த்த மைனிக்குப் பகரமாக இவள் போய் உட்கார்ந்தாள். ஒரு பிள்ளை பிறந்து, அடுத்த பிள்ளையும் பிறந்து, அப்புறம் மைனிக்கு வயிற்றில் ஆபரேஷனும் ஆகி, அவள் எழுந்து வர மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஆள் பற்றாக்குறை வந்தபோதுதான் ரெத்தினபாய்க்குத் தனியாகப் பெயர் எழுதினார்கள்.

"அந்த மூணு வருசமும் நான் லீலா, கேட்டியளா" என்றாள்.

லீலா என்றதும் எனக்குத் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. லீலாபாயின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் ஒரு நாள் கூட விடுப்பு இல்லாத அருமையான கணக்கு. பென்ஷனுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் தன் பிள்ளைகளின் பிறந்த நாட்களையும் எழுதியிருந்தாள். எங்கள் ஆவணத்தின்படி அந்த அம்மாள் இரண்டு முறையும் அண்டி தல்லிக்கொண்டே, அதாவது உடைத்துக்கொண்டே, பிள்ளை பெற்றிருக்கிறாள். இடைவெளியே இல்லாத கணக்கு என்றால் நான் ஏன் பயப்படுகிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் குறிப்பாக எழுதி அனுப்பினேன். மூன்று கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. போய் நின்றேன். பென்சிலின் மழுங்கிய பக்கம், 'லீலாபாய் என்ற பெயரில்' என்ற வரியைத் தொட்டது. கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நான் மட்டும் இல்ல சார். நீங்களும் பாத்தீங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். ரெத்தினபாய் உள்ளே வந்து, மேஜை விளிம்பைப் பிடித்து நின்று, கண்ணை இடுக்கி அவரைப் பார்த்தாள்.

"கை சொகமாச்சா சாறே?" என்றாள்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார், பிறகு என்ன நினைத்தாரோ, மடக்கிவிட்டு அவளிடம் காட்டினார். அவள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, அன்றைக்கே சொன்னேனே என்றாள்.

சிக்கல் இதுதான். அந்த மூன்று வருடத்தை ரெத்தினபாய்க்குக் கொடுத்தால் அவளுக்குப் பென்ஷன் வரும். ஆனால் லீலாபாயின் கணக்கிலிருந்து வெட்டித்தான் கொடுக்க வேண்டும். பத்துக்குக் கீழே போகாது என்றாலும் அவள் பென்ஷன் குறையும், அதிகமாக வாங்கியதைப் பிடிப்பார்கள். அவளைக் கேட்காமல் செய்ய முடியாது. ஒரு நாள் குறித்து இருவரையும் வரச்சொன்னோம். அன்றைக்குப் பியூன் கதவைத் திறந்து, முறைப்படி, "லீலாபாய்" என்று கூப்பிட்டான். பெஞ்சிலிருந்து இரண்டு குரல், "உண்டு" என்றது. சார் தலை நிமிரவில்லை, ஆனால் பென்சில் நின்றுவிட்டது.

லீலா குட்டையான, கோபக்கார அம்மாள். உள்ளே வந்ததிலிருந்து நாத்தூன் ரெத்தினபாயைப் பற்றிப் புகார்தான். இவள் தன் பெயரில் போன காலத்தில் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டாளாம், திரும்பிப் போன தன்னை அவர் கண்டபடி ஏசினாராம். கூலிப் பதிவேட்டில் 'லீலாபாய்' என்று இவள் போட்ட கையெழுத்து அழகாக இருந்ததால், தான் போட்டதைக் கள்ளக் கையெழுத்து என்றார்களாம். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுதினால் அவளுக்கு என்னென்ன போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்பதையும் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"வெட்டுங்க சாறே" என்றாள் லீலா. "தல்லினது அவ. நான் பிள்ளையும் தீனமுமாட்டு கெடந்தேன். பென்ஷன் வந்த அன்னையிலயிருந்து பாதி அவளுக்குத்தான் குடுக்குதேன். நான் இருக்குத வரைக்கும் குடுப்பேன். நான் செத்தா அவளுக்கு ஆரு குடுப்பா?"

ரெத்தினபாய் அவளைப் பார்த்து, சாவப்போற ஆளைப் பாரு என்றாள்.

அன்று சாயங்காலம் சார் தானே உட்கார்ந்து குறிப்பு எழுதினார். முதலில் பென்சிலில், பிறகு பேனாவில். அன்றைய ஆய்வில் லீலாபாய் என்று தன்னிடம் பெயர் சொன்னவர் உண்மையில் ரெத்தினபாய்தான் என்றும், அவரைத் தான் கண்ணால் பார்த்ததாகவும், தன் பழைய அறிக்கை அந்த அளவுக்குத் தவறு என்றும் எழுதினார். ஒரு அதிகாரி தன் அறிக்கையைத் தவறு என்று தானே எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் அதுவரை பயம் இருந்தது, மரியாதை வந்தது அன்றைக்குத்தான். குறிப்பு மேலிடத்துக்குப் போயிற்று.

அவருடைய கடைசி வாரத்தில் பதில் வந்தது. நிறுவனத்தின் வருகைப் பதிவு சரியானது என்று பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் நேரில் ஆய்ந்து சான்றளித்திருக்கிறார். அப்படியிருக்க, பல ஆண்டு கழித்து வாய்மொழியை நம்பி அதை மாற்ற இயலாது. முதலாளியின் ஒப்புதல் பெற்று அனுப்பவும் என்றிருந்தது. அந்தப் பொறுப்புள்ள அதிகாரியும் குறிப்பு எழுதியவரும் ஒரே ஆள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, அல்லது நன்றாகவே கவனித்திருந்தார்கள். 'கண்ணால் பார்த்தேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் மூன்று கேள்விக்குறி போட்டிருந்தார்கள். ஓரத்தில் கேள்விக்குறி போடுவது எல்லா அலுவலகத்திலும் உள்ள பழக்கம்தான், எங்கள் சார் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியைத் தேடினோம். கிடைக்கவில்லை. ரெத்தினபாய்க்குச் சேர்ந்ததைக் கையில் கொடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. அதைச் சொல்ல சார் ஆளனுப்பவில்லை. தானே இறங்கிப் போய் வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடிக்க முடியாமல் நடுவில் நின்றுவிட்டார்.

"போட்டு சாறே, விடுங்க" என்று அவள் அவரைத் தேற்றினாள். "நீங்க ஒள்ளத எழுதினியளே. அது போதும்."

அது போதாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. வகுப்பில் அதை அடக்கிவிட்டுத்தான் விதிகளைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் என்னைத் தேடி வருவார்கள். பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டுமே, அதற்கு. இப்போது அதற்கு விரல் ரேகை மெஷின் வந்துவிட்டது. அண்டி எண்ணெய் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? லீலாவின் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் உயிரோடு இல்லை என்கிற மாதிரி மெஷின் சத்தம் போடும். உடனே லீலா மெஷினைத் திட்டுவாள், ரெத்தினபாய் லீலாவைத் திட்டுவாள், நான் விரலுக்குப் பதில் லீலாவின் கண்ணை மெஷினுக்குக் காட்டி முடித்துக்கொடுப்பேன்.

இந்தத் தடவை ரெத்தினபாய் தனியாக வந்தாள். பேரன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான், லீலாவின் பேரன். உட்கார்ந்ததும், லீலா போய்விட்டாள் என்றாள். அடக்கமும் ஜெபமும் முடிந்துவிட்டன. பென்ஷனை நிறுத்த எழுதித் தரச் சொல்லி வந்திருக்கிறாள்.

அவளுக்கு வேறு வருமானம் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த சான்று கேட்கும்வரை அந்தப் பணம் வந்துகொண்டிருக்கும் என்பதும் தெரியும். அவசரமில்லையே, மெதுவாக எழுதலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவ இருக்கும்பம் நான் அவளுக்குப் பகரம் போனேன்" என்றாள். "செத்த ஆளுக்குப் பகரம் போவ ஒக்காது."

எழுதினேன். இறந்தவர் பெயர், இறந்த நாள், தகவல் தருபவர், அவருக்கு இன்ன உறவு. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெரிய அவள் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். அவள் பேனாவை வாங்கிச் சரசரவென்று போட்டுவிட்டாள். எடுத்துப் பார்த்தால் 'லீலாபாய்' என்றிருந்தது, நல்ல அழகான கையெழுத்து.

சொன்னேன். சவம், கை அதுக்க பாட்டுக்குப் போவுது என்று கையைத் திட்டிவிட்டு, அவள் அந்த இடத்தைத் தடவினாள். பிறகு வேறு தாள் கேட்டாள். மறுபடி முழுவதும் எழுதிக் கொடுத்தேன். ரெத்தினபாய் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள்.